ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனப் பொட்டு

"மௌஸ் இல்லாத கம்ப்யூட்டர ஓட்டுவியா கண்ணு?"

வேலை கேட்டுப் போன அன்று எங்கள் ஓனர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. கேட்ட தொனியிலேயே 'உன்னால் ஆகாது' என்ற பதிலும் சேர்ந்திருந்தது.

"ஓட்டுவனுங்க" என்றேன்.

இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்படியொரு கம்ப்யூட்டரை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் பண்டல் ஏற்றி இறக்குகிறவர். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங். என் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சர்டிஃபிகேட்டை அம்மா லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். (தேதி பார்க்க வருகிற யாரும் நான் தேறிய வகுப்பையும் பார்க்காமல் போக முடியாது.) இப்படிப்பட்ட பெண் ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி 'தெரியாது' என்று எப்படிச் சொல்வாள்?

முதலிபாளையத்தில் இருந்தது அந்த எம்பிராய்டரி யூனிட். குழந்தைகள் போடும் டீ-ஷர்ட்டின் முன்பக்கத் துணி வெட்டிய நிலையில் எங்களிடம் வரும். பன்னிரண்டு தலை உள்ள மெஷின் ஒரே நேரத்தில் பன்னிரண்டு துணியில் பூவோ பொம்மையோ போட்டுத் தரும். என்ன போட வேண்டும் என்று அந்த மெஷினுக்குச் சொல்வதுதான் மூலையில் இருந்த கம்ப்யூட்டரின் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த பெட்டி. அதற்குள் இருந்தது டாஸ், படமோ மௌஸோ இல்லாமல் கட்டளையைத் தட்டியே வேலை வாங்க வேண்டிய பழைய காலத்து விண்டோஸ் என்று வையுங்கள். டிசைன்கள் எல்லாம் ஃபிளாப்பி என்ற உள்ளங்கை அகலச் சதுர பிளாஸ்டிக் வில்லைகளில்.

ஒரு மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு. அதற்குள் அப்பா காதர்பேட்டை டீக்கடை முழுவதும் "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறா" என்று சொல்லி முடித்திருந்தார்.

முதல் நாள் பெட்டியை ஆன் செய்தேன். கறுப்புத் திரை வந்தது. இடது மூலையில் ஓர் எழுத்து, ஓர் அம்புக்குறி, பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு. சரி, இன்னும் லோடு ஆகிறது போல என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று.

மெஷின் ஓட்டும் செல்லக்கனி அக்கா திரும்பிப் பார்த்தாள். திருநெல்வேலிக்காரி. எட்டாம் வகுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏட்டி, எதுக்கு இப்படி உக்காந்திருக்க?"

"ஓப்பன் ஆகட்டும்னு வெயிட் பண்றேன்க்கா."

"அது எப்பவோ தெறந்தாச்சு. அதுதாம்ட்டி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

யூனிட்டே சிரித்தது. ஆனால் அந்த வார்த்தை என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. என் லேப்டாப் எனக்காக ஒரு நாளும் காத்திருந்ததில்லை. அப்டேட் ஆகட்டும் என்று நான்தான் காத்திருப்பேன். இந்தப் பெட்டியோ, கரண்ட் போய் வந்தால், மேலே ஃபேன் வேகமெடுப்பதற்குள் எழுந்து தயாராக நின்றுவிடுகிறது. சொன்னதைச் செய்கிறது. சொல்லாததைச் செய்வதில்லை. செய்து முடித்த பிறகு தம்பட்டம் அடிப்பதில்லை. அடுத்த வரியில் வந்து சும்மா மினுக்குகிறது. இரண்டே வாரத்தில் ஏழெட்டுக் கட்டளைகளைக் கற்றுக்கொண்டு, ஏதோ நானே அதைக் கண்டுபிடித்த மாதிரி நடக்க ஆரம்பித்தேன். கீபோர்டைத் தட்டுகிற சத்தத்தில் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மூன்றாவது வாரம் ஆயுத பூஜை.

திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ், பாபின், எண்ணெய்க் கேன், ஓனரின் மொபெட் என்று எதுவும் பொட்டில்லாமல் தப்ப முடியாது. செல்லக்கனி அக்கா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "கம்ப்யூட்டர் பக்கம் உன் பொறுப்பு. நான் பூசணிக்காய் வாங்கப் போறேன்" என்று கிளம்பினாள்.

இந்தப் பொறுப்பு என் தலைக்கேறியது. மானிட்டருக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு ஒன்று. ஃபிளாப்பி போடும் வாய்க்குத் தாராளமாக ஒன்று. அப்புறம் யோசித்தேன். (நான் யோசிக்கிற நாட்களில்தான் கெடுதல் நடக்கும்.) பெட்டி வெறும் உடம்புதானே, அறிவெல்லாம் ஃபிளாப்பியில் அல்லவா இருக்கிறது? பூஜை யாருக்கு? டப்பாவில் இருந்த ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எங்கே வைப்பது? ஒரு பக்கம் பளபளவென்று சின்ன உலோகத் தகடு இருந்தது. பார்ப்பதற்கு அச்சு அசல் நெற்றி மாதிரி. அதன் மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். இருபத்துநான்கு நெற்றி. இருபத்தைந்தாவதாக மிஞ்சிய கடைசி ஒன்றுக்கு வருவதற்குள் சந்தனம் தீர்ந்துவிட்டது. அது டிசைன் எதுவும் இல்லாத புது ஃபிளாப்பி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தகடு ஒரு கதவு என்பதும், பெட்டிக்குள் போனதும் அது விலகித் திறக்கும் என்பதும், உள்ளிருப்பதைப் படிப்பதே அந்த வழியாகத்தான் என்பதும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எனக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். ஓனர் கற்பூரம் காட்டி, பொரி கடலையை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, "வாத்த ஓட்டு கண்ணு" என்றார்.

வாத்து என்பது குடை பிடித்த ஒரு வாத்து டிசைன். அதில் மீதி நானூறு பீஸ் இருந்தது. நாலு மணிக்குத் தையல் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வாத்து ஒரே ஒரு ஃபிளாப்பியில்தான் இருந்தது. அதைப் பெட்டிக்குள்ளும் ஒரு காப்பி போட்டு வை என்று ஓனர் முந்தின வாரமே சொல்லியிருந்தார். நானும் 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளி வந்திருந்தேன்.

ஃபிளாப்பியைச் சொருகினேன். கரகரவென்று, கல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். திரையில் ஒரு வரி வந்தது. டேட்டா படிக்க முடியவில்லை. அதன் கீழே மூன்று வார்த்தை: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "ஏங்கண்ணு, ஃபெயிலுன்னு போட்டிருக்குது?"

"இல்லீங்க, அது கேள்விதானுங்க கேக்குது. நிறுத்தவா, மறுபடி பாக்கவா, ஃபெயிலுன்னு வச்சுக்கவான்னு."

"நீ என்ன சொல்லப் போற?"

ஃபிளாப்பி டிரைவின் பட்டனை அமுக்கினேன். ஃபிளாப்பியை வெளியே இழுத்தேன். செல்லக்கனி அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி, கம்ப்யூட்டருக்குள்ள இருந்து சந்தன வாசம் வருது?"

டப்பாவைத் திறந்து பார்த்தாள். மீதி இருபத்து மூன்று நெற்றியும் காய்ந்து மொறுமொறுவென்று அவளைப் பார்த்தன. "அடிப்பாவி! படிச்ச புள்ள செய்ற காரியமா இது?" என்று தலையில் கை வைத்தவள், அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வாயிலிருந்த பொரி சிதறியது.

ஓனர் சிரிக்கவில்லை. டிசைன் போட்டுத் தந்த ஆளுக்கு போன் அடித்தார். அவர் பூஜை லீவில் ஊருக்குப் போயிருந்தார், போன் ஸ்விட்ச் ஆஃப். புதிதாக வாத்து வரைய இரண்டு நாள் ஆகும். "நாலு மணிக்கு வண்டி வந்துரும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் சொல்ல வேண்டியதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்தச் சின்னக் கோடு அப்படியே மினுக்கிக்கொண்டிருந்தது. திட்டவில்லை, அணைந்து போகவில்லை, என் பதிலுக்காகக் காத்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பெட்டியைக் கழற்றினேன். முதலுதவி டப்பாவிலிருந்து ஸ்பிரிட்டை எடுத்துக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, டிரைவின் உள்ளே இருந்த சந்தனத் துகளைத் துடைத்தேன். அடுத்தது ஃபிளாப்பி. நூல் வெட்டும் கத்தரியால் அதன் பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்தேன். உள்ளே கறுப்பு அப்பளம் மாதிரி ஒரு வட்டம். அதன் ஓரத்தில் ஒரு துளி சந்தனம்.

"தொட்டுராத தாயி, கீறிரப் போவுது" என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

துகளை ஊதி, மெல்ல ஒற்றி எடுத்தேன். வேறு கூடு வேண்டுமே? பொட்டு வைக்காமல் தப்பித்த அந்த ஒரே ஃபிளாப்பியைப் பிளந்து, அதற்குள் வாத்தைக் குடி வைத்து, டேப் ஒட்டிச் சொருகினேன். காப்பி கட்டளையைத் தட்டினேன்.

கரகர. அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?

ரீட்ரைக்கான ஆர் எழுத்தைத் தட்டினேன். மறுபடி அதே கேள்வி. மறுபடி ஆர். இதற்குள் நூல் வெட்டும் பெண்கள் எல்லாரும் பின்னால் கூடிவிட்டார்கள். யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். ஏழு! எட்டு! பதினைந்தைத் தாண்டியதும் கோயிலில் சுற்று எண்ணுவது போல எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். இருபத்திரண்டு! இருபத்து மூன்று!

கரகர நின்றது. சீராக ஓர் உறுமல். திரையில் ஒரே வரி: ஒரு ஃபைல் காப்பி ஆனது. பிறகு வழக்கம் போல அடுத்த வரியில் வந்து மினுக்கியது.

பத்தரைக்குப் பன்னிரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்து வாத்துப் போட ஆரம்பித்தன. முதல் துணியை ஓனர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அலகு இருக்குது, குடை இருக்குது, காலு ரெண்டு… சரி" என்றார். நாலு மணிக்கு வண்டி வந்தபோது கடைசிக் கட்டு சூடாக இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது ஓனர் முன்னால் போய் நின்றேன். "நாளைக்கு வரட்டுங்களா?"

"வா கண்ணு. மாசக் கணக்கெல்லாம் வேண்டாம், நீ நெரந்தரந்தான்" என்றார். "அடுத்த வருசம் பூசை அன்னிக்கு மட்டும் லீவு எடுத்துக்க."

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து ரசம் காரமானாலும், பஸ் தவறினாலும், தங்கை கணக்கில் தப்புப் போட்டாலும் அப்பா முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "அபார்ட்டா, ரீட்ரையா, ஃபெயிலா?" என்பார். வீடே ஒரே குரலில் "ரீட்ரை!" என்று கத்தும். ஆங்கிலத்தில் அப்பாவுக்குத் தெரிந்த வார்த்தைகளில் அந்த மூன்றும் உண்டு, அவற்றைச் சொல்லித் தந்தது நான் என்பதில் எனக்கு இன்னமும் கர்வம்தான். ஆயுத பூஜையன்று அம்மா கிரைண்டரை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டு, டிவி ரிமோட்டையும் போன்களையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.

செய்தி எப்படியோ பரவியது. கறுப்புத் திரைப் பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் நான் நினைத்ததைவிட அதிகம். "புதுசு வாங்கிப் பாத்தனுங்க, ஒத்து வரலீங்க" என்பார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. எனக்கா தெரியாது? கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே நிறைந்துவிட்டன.

போன மாதம் முதலிபாளையத்திலேயே பத்துக்குப் பத்து அறை ஒன்றைப் பிடித்துவிட்டேன். 'பழைய டாஸ் கம்ப்யூட்டர்கள் பழுது பார்க்கப்படும்' என்று போர்டும் ஏறிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருப்பது தாராபுரம் போகும் பஸ்ஸில். அங்கே ஒரு லாரி எடைமேடையின் கம்ப்யூட்டர் நேற்றிலிருந்து ஏதோ மூன்று வார்த்தை கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். "எதையும் அமுக்காதீங்க, அது காத்திருக்கும்" என்று போனில் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். பஸ் அவிநாசிபாளையம் தாண்டிவிட்டது.