ராசம்மாவின் கை நடுக்கம்

"ஆன்ட்டி, நீங்க கர்ப்பமா?" என்று கேட்டாள் தாதி ரூபினி.

ராசம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. கை நடுங்குகிறது, பார்க்கின்சன் நோயா என்று மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கத்தான் கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு மருத்துவமனைக்கு வந்திருந்தாள். தன்னால் எழுத முடியாதென்று படிவத்தைக் கணவர் லெட்சுமணனிடம் கொடுத்திருந்தாள். அவர் போட்ட குட்டிக் கோடு 'ஆம்' கட்டத்தில் விழுந்திருந்தது.

"பெருசா எழுதுங்க லா," என்று ராசம்மா வேறு படிவம் வாங்கிக் கணவரிடம் கொடுத்தாள்.

முதலெழுத்து பெரிதாகத்தான் வந்தது. போகப் போகச் சுருங்கி, கடைசியில் எறும்பு வரிசையாகிவிட்டது. மூன்றாவது படிவத்தை ரூபினியே நிரப்பினாள்.

ஊசி போட்டு நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பசி தாங்காமல் மீகூன் நூடுல்ஸ் வாங்கிவர அவரை அனுப்பினாள். முக்கால் மணி நேரமாகியும் ஆளைக் காணோம். தேடிப் போனால், கேன்டீன் வாசலில் பொட்டலத்தோடு அசையாமல் நிற்கிறார்.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க?"

"வரேன்," என்றார், காதில் விழாத குரலில்.

அவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மறுபடியும் வரிசையில் கடைசி.

"அங்கிள் பேசவே மாட்டாரா?" என்றாள் ரூபினி.

"ரெண்டு வருசமா இப்படித்தான். மக தானா தேடிக்கிட்ட பையனுக்கு நான் சரின்னுட்டேன்ல, அந்தக் கோவம். கல்யாணத்துல ஒரு போட்டோவுல கூட சிரிக்கல. நானும் முகம் கொடுத்துப் பேசறதில்ல."

இயந்திரத்துக்குள் தலையை அசைக்காமல், வாயைத் திறக்காமல் முப்பது நிமிடம் படுத்திருக்க வேண்டியிருந்தது. பேச வழியில்லாததால் யோசித்தாள். அவர் எதிரே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன நாள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு வருடம். கொஞ்சம் இறங்கிப் போயிருக்கலாம்.

வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கேக்காம சரின்னு சொன்னது தப்புதாங்க. இனியாச்சும் கொஞ்சம் சிரிங்க."

அவர் இமைக்காமல் பார்த்தார். "எனக்குக் கோவமே இல்லயே," என்றார். முகம் கல்லாகவே இருந்தது.

ராசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ரூபினியிடம் போனாள். "பாத்தியாம்மா, இப்பவும் பொய் சொல்றாரு."

ரூபினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கிள் பொய் சொல்லல ஆன்ட்டி, இந்த ஸ்கேனுக்கு வர்ற பார்க்கின்சன்காரங்க நெறைய பேருக்கு இப்படித்தான், சிரிக்க நெனச்சாலும் முகத்துல வராது; அவரையும் சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க."