பூமிக்கு உப்புப் போட்ட லயம்

ஈப்போவை அடுத்த லகாட்டுக்குப் பக்கத்தில், துண்டாடி விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்து மக்களின் தாகம், 1979-ஆம் ஆண்டில் மேலிடத்தின் கனிவான கவனத்துக்கு வந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கிணறு வற்றி வருடக்கணக்காகியிருந்தது. மேலிடத்துக்கு என்ன, ஆயிரம் வேலை.

நவமணிக்குத்தான் அவசரம். தையில் மகள் கல்யாணம். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மொண்டுவரும் பழுப்புத் தண்ணீரில் சம்பந்திக்குச் சோறாக்கினால் மானம் அவர்கள் ஊரான பாகான் செராய் வரைக்கும் போய்விடும்.

ஈப்போவிலிருந்து 'நிலத்தடி நீர்வள மற்றும் மாசு அபாய மதிப்பீட்டுப் பிரிவு' வந்திறங்கியது. அதாவது, பெர்னார்ட் என்ற அதிகாரி, ஒரு பெட்டி, வயர், கொஞ்சம் இரும்பு முளைகள். வாசலுக்கு வாசல் முளை அடித்துப் பூமிக்குள் கரண்டு விட்டுப் பார்ப்பார்களாம்.

“எங்க வீட்டுக்கே கரண்டு இல்ல, மண்ணுக்குக் குடுக்குறீங்களா?” என்றாள் நவமணி.

“கரண்டு நல்லா ஓடுனா அடியில தண்ணி இருக்குன்னு அர்த்தம் அக்கா. பெட்டியில முள்ளு எங்க ஏறுதோ, அங்க கிணறு.”

முள் அசையவில்லை. மண் அப்படிக் காய்ந்து கிடந்தது. முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் கரண்டு பிடிக்கும் என்றார் பெர்னார்ட். ஆகவே, தண்ணீரைத் தேடுவதற்குத் தண்ணீர் கொண்டுவருமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். குட்டைக்கு ஓடினார்கள். ஒரு கை உப்பைக் கரைத்து ஊற்றியதும் முள் துள்ளியது.

நவமணி பார்த்துவிட்டாள். ஒரு கைக்கே இந்தத் துள்ளலா! பெர்னார்ட் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், தன் வாசல் முளையடியில் ஒரு பொட்டலத்தையே கொட்டினாள். எதிர்வீட்டு ராக்காயிக்குக் கண் இல்லையா? அவள் ஜாடியைக் கவிழ்த்தாள். அன்று மாலை அந்த லயத்தில் ரசத்துக்குப் போட உப்பில்லை.

எல்லா வாசலிலும் முள் ஏறிக் குதித்தது. லயமே கைதட்டியது.

அடுத்த மாதம் பெர்னார்ட் முடிவோடு வந்தார். “தோட்டம் முழுக்க அடியில உப்புத் தண்ணி. கடும் மாசு. கிணறு வெட்டத் தடை.”

“கடலு எங்கயோ லுமுட் பக்கம்லா இருக்கு!” என்றாள் ராக்காயி.

நவமணி முன்னால் வந்தாள். “தம்பி, மறைக்க என்ன இருக்கு? உப்புப் போட்டது நாங்கதான்.”

“நீங்க சொல்றது வாய்ப்பேச்சு அக்கா. பெட்டி சொல்றதுதான் ஆதாரம். மாத்தணும்னா மறு ஆய்வுதான்.”

“உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சொல்லுவாங்க. இங்க குடிக்கத் தண்ணி எங்கலா?”

மறு ஆய்வுக்கு அரசாங்க லோரி வந்தது. தண்ணீர் லோரி என்று எண்ணி எல்லாரும் வாளியோடு ஓடினார்கள். இறங்கியது ஒரு மூட்டை உப்பு.

“இந்த முறை உப்பு எங்க பொறுப்பு. எல்லா முளைக்கும் ஒரே அளவு. முள்ளு கூட ஏறுற வாசல்ல கிணறு. தண்ணி மட்டும் நீங்க கொண்டாங்க” என்று அறிவித்தார் பெர்னார்ட்.

நியாயமான ஏற்பாடு என்று மெச்சிக்கொண்டே கூட்டம் குட்டைக்கு நடந்தது. நவமணி மட்டும் பின்தங்கினாள்.

“தம்பி, கல்யாண வீடு. நம்ம முளைக்கு ஒரு கை கூடப் போடுங்களேன்.”

பெர்னார்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க அக்கா. ராக்காயி அக்காவுக்கு ரெண்டு கை சொல்லியிருக்கேன்.”