ஆறு விரல் மீன்

கிரேசி டீச்சர் பலகையைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். குட்டிக் குட்டி மீன்களுக்கு நடுவே பெரிய ஆளின் கை அளவில் ஒரு புது மீன் இருந்தது. அதற்கு ஆறு விரல்.

நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அந்தக் கை அங்கே இல்லை.

பாலர் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க வராந்தாச் சுவரில் ஏதாவது வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பழைய கதவுப் பலகை ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, காவியைக் கரைத்து, பிள்ளைகளின் கையை முக்கிப் பதிய வைத்தாள். உள்ளங்கை உடம்பு, விரல்கள் வால், ஒரு கரிப்பொட்டு கண். வராத பிள்ளைகளுக்காகக் காவிச் சட்டியை அங்கேயே விட்டுப் போயிருந்தாள். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் தலையசைத்தால் வகுப்பும் அவள் வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டுக்கும் பூட்டுத்தான்.

ஈரத் துணியை எடுத்து அந்தக் கையைத் துடைத்தாள். கை போகவில்லை. சிவப்பு மட்டும் கரைந்து தரை வரைக்கும் வழிந்தது.

"எங்கம்மோ!" வாசலில் ஆயா முத்துக்கனி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "டீச்சரே, ரெத்தம்லா வடியுது!"

"காவிதான் அக்கா. சத்தம் போடாதீங்க."

"ஆறு வெரலு மனுசனுக்கு உண்டுமா? செவ்வாக்கெழமையும் அதுவுமா காவல் தெய்வம் மாடசாமி வந்து கை வச்சிருக்காரு!"

"டீச்சர்..." என்று சேலையைப் பிடித்து இழுத்தாள் மைமூன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. வகுப்பு முடிந்தாலும் வராந்தாவில்தான் கிடப்பாள்.

"சும்மா இரு மக்கா."

எப்படியாவது மறைத்தாக வேண்டும். கிரேசி வேலியோரத்துச் செம்பருத்தியைப் பறித்து, கோத்து, பலகையின் ஆணியில் தொங்கவிட்டாள். அதோடு காரியம் கெட்டது. பிள்ளையைக் கொண்டுவிட வந்த பகவதியம்மாள் வடியும் சிவப்பையும் செம்பருத்தி மாலையையும் ஒன்றாகக் கண்டாள். கும்பிட்டாள். பிள்ளையின் தலையையும் பிடித்து அமுக்கினாள். சற்று நேரத்தில் சூடம் வந்தது, தேங்காய் வந்தது, யாரோ ஒருத்தி குரவையும் விட்டாள்.

"தேங்காயை இங்க உடைக்காதீங்க!" என்று கெஞ்சினாள் கிரேசி.

"பின்ன எங்க கொண்டு உடைக்க?" என்றாள் பகவதியம்மாள். அவளுக்கு அது நியாயமான கேள்வி.

தலைமையாசிரியர் சுந்தரராஜ் ஓடி வந்தார். "பிள்ளையளுக்குப் பலகை செய்யச் சொன்னா, நீங்க கோயிலா கெட்டி வச்சிருக்கிய? திருப்பி வைங்க அதை!"

ஒருவரும் அசையவில்லை. அவரே விறைப்பாகப் போய்ப் பலகைக்குக் கையை நீட்டினார்.

"சாருக்கும் ரெண்டு பிள்ளைய உண்டும்லா," என்றாள் முத்துக்கனி மெதுவாக.

நீட்டிய கை திரும்பி வந்தது. கூடவே செருப்பையும் கழற்றி ஓரமாக விட்டார். "சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"டீச்சர், நேத்து..." என்றாள் மைமூன்.

"மக்கா, உனக்குப் புண்ணியமா போகும், பேசாம இரு!"

அதற்குள் இன்ஸ்பெக்டர் குமாரதாஸ் வந்துவிட்டார். ஊருக்குப் புதியவர், நேற்றே வந்து பக்கத்துப் பயணியர் பங்களாவில் தங்கிவிட்டாராம். அந்த வெயிலிலும் கோட்டு. வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தலைமையாசிரியர் பவ்யமாக நீட்டிய எலுமிச்சம்பழத்தை இடது கையால் வாங்கினார். கிரேசி அவர் முகத்தையே பார்த்தாள். இப்படிப்பட்ட மனுசன் எங்கே தலையசைக்கப் போகிறார்!

அவர் பலகையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். எரியும் சூடத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"என்ன... என்ன இது?"

"எல்லாம் இந்த டீச்சர் பார்த்த வேலை சார். வகுப்பையே மூடிரலாம்," என்றார் சுந்தரராஜ்.

கிரேசி முன்னால் வந்தாள். "குட்டிக் கையெல்லாம் நான் வச்சதுதான் சார். அந்தப் பெரிய கை மட்டும் சத்தியமா எனக்குத் தெரியாது. அதுக்காகப் பிள்ளையளோட வகுப்பை மூடிராதீங்க."

"மாடசாமி கையாக்கும் சார்!" என்று குறுக்கே விழுந்தாள் முத்துக்கனி. "விளையாட்டுக்கு எவனாவது வச்சிருந்தா அவன் வெளங்கவே மாட்டான்!"

இன்ஸ்பெக்டருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வலது கை பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

இந்த முறை மைமூன் டீச்சரிடம் போகவில்லை. நேராக அவரிடம் போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, கையை ஏன் ஒளிச்சு வச்சிருக்கிய? நேத்து முக்குன காவி இன்னும் போகலியா? பயப்படாதீங்க, டீச்சர் அடிக்க மாட்டாவ."