தொண்டு கிழம் என்னும் பட்டம்

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் ஜெயங்கொண்டம் பக்கத்தில் கனமான ஒரு சட்டப் பிரச்சினை எழுந்தது. சந்தையில் முந்திரிப் பருப்பு விற்கும் மலர்க்கொடி, ராசாங்கத்தைத் 'தொண்டு கெழம்' என்று சொல்லிவிட்டாள்.

ராசாங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. மீசைக்கு மை தடவினால் ஐம்பது. மனசுக்குள் நாற்பதுகூட ஆகவில்லை. பஞ்சாயத்து போர்டுத் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறவர். அப்படிப்பட்டவர் பருப்பைக் கிளறிக் கிளறிப் பார்த்து, "ருசி பத்தலியே" என்றார்.

"பல்லு இருந்தால்ல ருசி தெரியும்? போவியா, தொண்டு கெழமே!"

சந்தையே சிரித்தது. அன்றைக்கு ராசாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

மாஜிஸ்திரேட் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறவர். "கிழம் விளங்குகிறது. அதற்கு முன்னால் நிற்கும் தொண்டு யாது? பொருள் தெரியாமல் கோர்ட்டார் தண்டிக்க இயலாது" என்றார். தமிழ்ப் பண்டிதர் ஆண்டவரை வரவழைத்தார்கள்.

"பழந்தமிழில் தொண்டு என்றால் ஒன்பது" என்று தொடங்கினார் பண்டிதர். "அதை வைத்துத் தொண்ணூறு வயதுக் கிழம் என்று கொள்ளலாம்."

"கேட்டீங்களா எசமான்! இருபத்தெட்டு வருஷம் கூடப் போட்டுட்டா!" என்று அலறினார் ராசாங்கம்.

"பொறுங்கள். தொண்டு என்றால் பழமை என்றும் உண்டு. சேவை என்றும் உண்டு. கிழவன் என்றால் தலைவன் என்றும் உண்டு. ஆகவே, சேவைக்குத் தலைவர் என்றும் கூறலாம்."

ஜெயிலைத் தெருவிலிருந்து பார்த்தவர்கள்கூட 'தேசத்தொண்டர்' என்று பலகை மாட்டிக்கொண்ட காலம் அது. ராசாங்கத்தின் மீசை மெல்ல நிமிர்ந்தது.

மாஜிஸ்திரேட் மலர்க்கொடியிடம், "நீ எந்தப் பொருளில் சொன்னாய்?" என்று கேட்டார்.

"முந்திரிப் பருப்புலதாங்க சாமி."

"ஐயம் தோன்றுமிடத்து நல்ல பொருளையே கொள்ள வேண்டும். மேற்படி சொல் பாராட்டே. வழக்கு தள்ளுபடி!"

வழக்கில் தோற்ற ராசாங்கம் மேளதாளத்தோடு வீடு திரும்பினார். வாசலில் பலகை ஏறியது: 'தொண்டு கிழம் ராசாங்கம்.'

ஊரில் பெரிய மனிதர் என்று பேர் எடுத்த எவருக்கும் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. போன மாதம் கல்யாணமான சுகாதார இன்ஸ்பெக்டர் சந்தைக்கே வந்துவிட்டார். "என்னையும் அந்த வார்த்தை சொல்லும்மா."

"மொதல்ல பருப்பு வாங்குங்க. சும்மாவெல்லாம் திட்ட முடியாது" என்றாள் மலர்க்கொடி.

கணக்கர், காரியதரிசி, காலேஜ் விட்டு வந்த வக்கீல் எல்லோரும் பருப்போடும் பட்டத்தோடும் திரும்பினார்கள். முடிவில் மாஜிஸ்திரேட்டே கையெழுத்துக்குக் கீழே 'தொண்டு கிழம்' என்று போட ஆரம்பித்தார்.

அந்தக் கையெழுத்து மேலிடம் போயிற்று. மேலிடத்தில் பண்டிதர் எவரும் இல்லை. ஆகவே அவர்களுக்கு ஒரே பொருள்தான் தெரிந்தது. உத்தரவு வந்தது: 'எழுத்து மூலம் தம்மைத் தொண்டு கிழம் என ஒப்புக்கொண்டோர் அனைவரும் தள்ளாமை காரணமாகப் பொதுக் காரியங்களுக்குத் தகுதியற்றவர்கள்.' மாஜிஸ்திரேட் வேலை போய் வீட்டுக்குப் போனார். ராசாங்கத்தின் தேர்தல் மனு தள்ளப்பட்டது.

அவர் அன்றே பலகையைக் கழற்றிவிட்டு, தாம் கிழம் இல்லை என்று சர்ட்டிபிகேட் வாங்க ஓடினார். அதைக் கொடுக்கும் புது அதிகாரிக்கு மீசை அரும்பும் வயசு. ஆபீஸில் ஒரே வரிசை. சர்ட்டிபிகேட்டுக்கும் அதுதான், மண்ணெண்ணெய் பெர்மிட்டுக்கும் அதுதான். விடிகாலையில் போய் நின்ற ராசாங்கத்தைப் பொழுது சாயும்போது கூப்பிட்டார்கள்.

"கிழம் இல்லேங்கறதுக்கு என்ன அத்தாட்சி? கொஞ்சம் ஓடிக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

ராசாங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். கால் நகரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பற்றிக்கொண்டு, "காலையிலேருந்து நின்னதுங்க..." என்றார். அவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"தள்ளாமை நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது" என்று எழுதினார் அதிகாரி. பின்னால் வரிசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

"அடுத்த கிழம் வரலாம்!"

அடுத்து நின்றவன் தை மாதம் கல்யாணமான பையன். "நான் மண்ணெண்ணெய்க்கு வந்தவங்க. மூணு நாளா தெனமும் வந்து நிக்கிறேன்" என்று கோபமாகச் சொல்லிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கையும் அவரவர் இடுப்பில் இருந்தது.