ராயப்பன் முகம் போட்ட உருண்டை

தன் முகம் பாக்கெட்டில் வந்தே தீர வேண்டும் என்று ராயப்பன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தபோது. பெரிய முடிவுகளை அவன் படுத்துக்கொண்டுதான் எடுப்பான். நின்றால் யாராவது வேலை சொல்லிவிடுவார்கள்.

திண்டிவனத்தில் அவர்கள் வீட்டில் தயாராகும் மல்லாட்டை உருண்டைக்கு, அதாவது நிலக்கடலை உருண்டைக்கு, இன்ஸ்டாவில் பதினெட்டாயிரம் ரசிகர்கள். வீடியோவில் வருவது இரண்டே இரண்டு கைகள்தான். கொதிக்கும் வெல்லப்பாகில் புரட்டிய மல்லாட்டையை அள்ளி, ஆறுவதற்குள் உருட்டிப் போடும் கைகள். மனைவி அன்புச்செல்வியின் கைகள். போனைப் பிடிப்பதும், "வணக்கம் மக்களே" என்பதும், கூரியர்காரரிடம் கையெழுத்துப் போடுவதும் ராயப்பன். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் நிர்வாகம்.

"பாகு கையப் பொசுக்குதுங்க" என்பாள் அவள்.

"சூடெல்லாம் மனசுலதான் இருக்குது செல்வி. மனச குளிர வச்சிக்கோ" என்று சொல்லிவிடும் நிர்வாகம்.

அன்று கண்ணை மூடியதும் பைபாஸ் ரோடு விரிந்தது. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை இரண்டு பக்கமும் பேனர். எல்லாவற்றிலும் அவன் முகம். மீசை மட்டும் ஒரு லாரி நீளம். சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கட்டணம் கட்ட அல்ல, அவனைப் பார்க்க. மேகங்கள்கூட அவன் நெற்றியில் நிழல் விழாதபடி ஒதுங்கி மிதந்து போகின்றன. அந்த மேகத்திலேயே ஏறி வந்தவன் போல எழுந்து அடுப்படிக்குப் போனான்.

"செல்வி, புது லேபிள் அடிக்கப் போறோம் இல்ல? அதுல என் போட்டோவ போடலாம்னு இருக்கேன்."

அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை. "ஏங்க?"

"பிராண்டுன்னா ஒரு முகம் வேணும். வெறும் கைய வச்சிக்கினு எவ்ளோ நாளு ஓட்டறது?"

"நல்ல ரோசனைதான்" என்றாள்.

சண்டை வரும் என்று மூன்று பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தான். மூன்றும் வீணாய்ப் போயின.

"ஆனா திடீர்னு போட்டா யாரு இந்த ஆளுன்னு கேப்பாங்க. மொதல்ல ஒரு ரீல்ல வாங்க. நீங்க உருட்டுங்க, நான் எடுக்கறேன்."

"நானா?"

"முகம் தனியா வந்து இன்னா பண்ணும்? பயப்படாதீங்க, சூடுதான் மனசுல இருக்குதே."

மறுநாள் காலை ராயப்பன் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்து வரை பவுடருடன் அடுப்பு முன்னால் உட்கார்ந்தான். அன்புச்செல்வி அவன் உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவினாள். "பதம் வந்ததும் அள்ளிடணும். யோசிச்சிக்கினு இருந்தா கல்லாயிடும்" என்று சொல்லி போனைத் தூக்கினாள்.

அள்ளினான். அதற்குப் பிறகு அந்த முகத்துக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது? புருவம் உச்சந்தலைக்கு ஏறியது. வாய் ஒரு பக்கமும் மூக்கு மறுபக்கமும் போயின. "யேசப்பா, யேசப்பா" என்று இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் பந்தாடி, கடைசியில் வாத்து முட்டை போல ஒன்றைத் தட்டில் போட்டான்.

"அழிச்சிடு செல்வி. மானம் போயிடும்."

"போட்டாச்சுங்க."

கையைத் தண்ணீர்ச் சொம்புக்குள் விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிப் படுத்தவனை, மத்தியானம் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள்தான் எழுப்பினாள்.

"இன்னா ராயப்பா, வளவனூர்லேர்ந்து என் பொண்ணு போன் பண்ணி ஒன்னப் பத்தியே பேசிக்கினு இருக்குது. ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்களாமே?"

அன்புச்செல்வியிடமிருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தான். உண்மைதான். 'பொண்டாட்டிக்காகக் கை சுட்டுக்கொள்ளும் தங்கமான மனுஷன்' என்றது ஒரு கமெண்ட். 'என் வீட்டுக்காரருக்கு நாலு தடவை போட்டுக் காட்டினேன்' என்றது இன்னொன்று. 'இனிமேல் எங்களுக்கு அண்ணன் உருட்டினதுதான் வேணும்' என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள். ராயப்பன் 'அண்ணன்' என்ற சொல்லோடு நின்றுவிட்டான். அதற்கு மேல் கண் நகரவில்லை.

அடுத்த நாள் லேபிள் அடிக்க விழுப்புரம் கிளம்பினான். பஸ் ஜன்னலுக்கு வெளியே வயலும் வானமும் நழுவிப் போக, ஒவ்வொரு பனைமரத்திலும் தன் முகத்தை மாட்டிக்கொண்டே போனான். லேபிளில் போட வேண்டிய எழுத்தையெல்லாம் அன்புச்செல்வி அச்சகத்துக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அவன் முகம் தட்டு அகலத்துக்கு எழுந்தது. சொக்கிப் போனான்.

"கீழ இருக்கறதயும் ஒருவாட்டி படிச்சிட்டு ஓகே சொல்லுங்க சார்" என்றார் அச்சகக்காரர்.

"மீசைய மட்டும் கொஞ்சம் கருப்பாக்குங்க. ஐயாயிரம் அடிச்சிடுங்க."

சனிக்கிழமை லேபிள் கட்டு வந்து இறங்கியது. அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. ராயப்பன் போனைத் துடைத்துக்கொண்டே, "வா செல்வி, ஆரம்பிக்கலாம்" என்றான். அவளோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு லேபிளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"இந்தப் பாக்கெட்டில் உள்ள ஒவ்வொரு உருண்டையும் அண்ணன் ராயப்பன் தன் கையாலேயே உருட்டியது."

"இத யாரு எழுதனது?"

"நான் எழுதனேன். ஓகே சொன்னது நீங்க."

"சரி வுடு, நீயே உருட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒங்க மூஞ்சியப் போட்டுட்டு பொய் சொல்றதா? நாலு பேரு கண்டுபுடிச்சா அதே மூஞ்சியப் போட்டுத்தான் திட்டுவாங்க." அவள் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். "மூணு வருசங்க."

உள்ளங்கை முழுக்கச் சிவந்து, அங்கங்கே தோல் தடித்துப் போயிருந்தது. போன் குறுக்கே இல்லாமல் அந்தக் கைகளை அவன் பார்த்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது. போனை அவளிடம் கொடுத்துவிட்டு, மாவைத் தடவிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தான். பாக்கெட்டுக்கு இருபது உருண்டை, லேபிள் ஐயாயிரம். மனக்கணக்கில் ஒரு லட்சம் வந்தது. இன்னொரு தடவை போட்டான். அப்போதும் ஒரு லட்சம்தான்.

பெருமூச்சு விட்டு, கேமராவைப் பார்த்து முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்தான்.

"சிரிக்காதீங்க" என்றாள் அன்புச்செல்வி. "சூடு பட்ட மூஞ்சிதான் ஜனங்களுக்குப் புடிச்சிருக்குது."