சோப்புக்காரியின் மீசை

தன் ஓவியத்தில் இருந்த பெண்ணுக்கு யாரோ முறுக்கு மீசை வைத்திருந்ததைப் பார்த்ததும் ஓவியருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றி எரிந்தது.

கன்னத்தில் நுரையோடு சிரிக்கும் அதே பெண். கீழ் மூலையில், அவருடைய கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், வேறொரு பெண் ஓவியரின் பெயர்.

பழைய விளம்பரப் படங்களை இம்மி பிசகாமல் திரும்ப வரைந்து தன் பெயரைப் போடுவதுதான் அவருடைய கலை. கேட்டால் பின்நவீனத்துவம் என்பார். இந்தச் சோப்பு விளம்பரத்துக்கு மட்டும் நான்கு மாதம் உழைத்து, இந்தக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தார்.

கண்காட்சி மேலாளரைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு இந்த அக்கிரமம்?"

"சார், அது அந்த மேடத்தோட படைப்பு."

"மீசை அவங்க படைப்பு. முகம் என்னுது."

மேலாளர் வேறு யாரையோ வரவேற்பதுபோல் நழுவினார். ஓவியர் மனைவிக்குப் போன் போட்டார்.

"என் படத்தைத் திருடிட்டாங்க."

"நீங்க சோப்புக் கம்பெனியில கேட்டுட்டா வரைஞ்சீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"நான் செஞ்சது மேற்கோள். இது திருட்டு."

"சரி. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

வீட்டிலேயே நியாயம் கிடைக்காதபோது வெளியே எங்கே கிடைக்கும்? பையிலிருந்த, வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் கைக்குட்டையை நனைத்து, தானே மீசையைத் துடைக்க ஆரம்பித்தார். மீசை போகவில்லை; காதுவரை பரவி தாடியானது. அழுத்தித் தேய்த்தார். மேலுதடு கையோடு வந்துவிட்டது.

அலறியடித்து வந்த மேலாளருக்குப் பின்னாலேயே மீசைக்குச் சொந்தக்காரியும் வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கே. இப்படியே விட்டுடலாம்" என்றவள், பெயர் அட்டையில் பழைய தலைப்பை அடித்துவிட்டு 'மீசையை அழித்தல்' என்று எழுதினாள். கீழே மறுபடியும் தன் பெயர்.

"அழிச்சது நான்ம்மா."

"கை உங்களுது சார். யோசனை என்னுது."

'படம் அவங்களுது, யோசனை என்னுது' என்று இருபது வருடமாகப் பேட்டிகளில் அவரே சொல்லிவந்த பதில். அதை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு திமிரான பதில் என்று தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் வேறு கைதட்டினார்கள்.

"உங்க யோசனையை நீங்களே வச்சுக்குங்க. என் படத்தை நான் எடுத்துட்டுப் போறேன்."

சட்டத்தைப் பிடித்து இழுத்து ஆணியிலிருந்து கழற்றினார். மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

படங்களை மாட்டும் தொழிலாளி, ஏணியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடிவந்து வழிமறித்தார்.

"சார், உங்க படம் பின்னாடி ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு. இது அந்தம்மா சோப்புக் கம்பெனியிலேயே போய் வாங்கிட்டு வந்த அசல்."