வாட்டக்காரர் காப்பாற்றிய தக்காளி

பூனாகலை மலையில் வாட்டக்காரரைப் போல ஒரு கிறுக்கரை நான் பார்த்ததே இல்லை. ஃபெக்டரியில் ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்தை வாட்டியவர். பச்சை இலையைப் பரப்பி, காற்றாடி போட்டு வாட வைப்பதுதான் வேலை. அந்த மனிதர் ஓய்வு பெற்றதும் என் தக்காளி வாடாமல் காக்க வந்தாரே, அதை எங்கே போய்ச் சொல்ல!

போன போகம் செடியெல்லாம் பூவும் பிஞ்சுமாக நின்றபடியே வாடிச் செத்தது. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா போஞ்சி போட்டுறலாம் அத்தை" என்று மருமகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். போஞ்சி! கல்யாணத்துக்கு மறுநாளே என் மாமியார் அந்தப் பீன்ஸைத்தான் ஆக்கிப்போட்டாள். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

வாட்டக்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே பச்சைத் தூள். நல்ல பூசணமாம், மண்ணில் இருந்து செடியை வாட்டும் கெட்ட பூசணத்தைத் தின்றுவிடுமாம். பெயரை வாசித்துக் காட்டினார். என் வாயில் நுழையவில்லை.

"கடைக்குப் போயி பூசணம் வாங்குன ஒரே ஆளு நீங்கதாண்ணே. எங்க வீட்டுப் பாண் ரொட்டில சும்மாவே வருது" என்றேன்.

"சிரி தங்கச்சி. செடி நிக்கட்டும்."

எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் சாணியும் இலைகுழையும் மக்கிய குவியலில் தூளைக் கலந்தார். அப்புறம் வீட்டிலிருந்து மேசைக் காற்றாடியைத் தூக்கி வந்து அதற்கு வீசவிட்டார். பழக்கதோஷம்! லயமே கூடி வேடிக்கை பார்த்தது. உரம் காய்ந்து சருகானது. பூசணத்தையும் வாட்டிக் கொன்ற மகராசன்.

மறுபடி தூள் வாங்கப் பெரகல சந்திக்கு இறங்கினார். இந்தத் தடவை காற்றாடி இல்லை. நிழலும் ஈரச் சாக்கும்தான். கொழுந்தை அமுக்கிப் பார்த்த மாதிரியே தினமும் உரத்தை ஒரு பிடி அமுக்குவார். உருண்டை உடையக் கூடாது, தண்ணீரும் சொட்டக் கூடாதாம். பச்சை படர்ந்ததும் நாற்றுக் குழிக்கெல்லாம் அள்ளிப் போட்டார்.

மழை பிடித்ததும் செடி மறுபடி வாடுமோ என்று மருமகள் பயந்து, மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். வாட்டக்காரர் குறுக்கே நின்றார்.

"இத அடிச்சா என் பூசணமும் சாகும். மொதல்ல என் மேல அடி."

"அடிச்சு விடு புள்ள. அவரு குளிச்சும் நாளாச்சு" என்றேன் நான். அவள் சிரித்த சிரிப்பில் டாங்கியே இறங்கிவிட்டது.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி போனது. மற்றதெல்லாம் நின்று காய்த்தது. மருமகள் வாங்கி வைத்திருந்த போஞ்சி விதை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

இதில் பெரிய கூத்து, வாட்டக்காரர் தக்காளியை வாயிலேயே வைக்கமாட்டார். ஆனாலும் தினம் காலையில் நல்ல பழமாக ஒன்று பறித்து நீட்டுகிறேன். அமுக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், "வாடல" என்று திருப்பித் தருவார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்குகிறது.